இரவல் இறகும் இழந்த ஊரும்: ஆனந்த குமாரசுவாமியின் பழைமையேக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயர் ஈழத்துத் தமிழ் அறிஞருலகிற் போற்றப்படும் அளவுக்கு அவருடைய நூல்கள் படிக்கப்படுவதில்லை. 1977ஆம் ஆண்டு அவரது நூற்றாண்டு கொண்டாடப்பட்ட காலத்தும் அதன் பின்னரும் அவர் பெயரால் நிகழ்ந்த கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது ‘சிவ நடனம்’ என்னும் ஒரு கட்டுரையே. குத்துவிளக்கேற்றி, நடராச வடிவத்துக்கு மாலையிட்டு, அவர் மேனாட்டாருக்குக் கீழைத்தேயக் கலையின் பெருமையை எடுத்துரைத்தார் என்று கூறி முடிப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு போற்றுவோருக்கு எதிராக மற்றொரு சாராரும் உளர். நிலமானிய காலத்தைக் கனவு கண்ட ஒரு கற்பனாவாதி என ஒரு வாக்கியத்தில் அவரை ஒதுக்கிவிடுதல் இவர்களது வழக்கம். இவ்விரு திறத்தாரும் படியாது விட்ட நூலொன்றுண்டு. 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்பதே அது. நவீன வாழ்வின் முன்னே ஒரு மனிதனுக்கு நேரும் அதிர்ச்சியும், இழந்த ஒன்றின்மீது எழும் ஏக்கமும் எவ்வாறு அறிவாக உருப்பெறுகின்றன, எவ்விடத்தில் அவ்வறிவை மறைக்கின்றன என்பதைக் காண்பதற்கு அந்நூலினும் சிறந்த சான்று இத்தீவிற் கிடைத்தல் அரிது.

‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்னும் தொடர் 1950களில் கலர்வோ ஒபேர்க் என்ற மானிடவியலாளரால் பரவலாக்கப்பட்டது. அந்நிய நாட்டிற் குடிபுகும் ஒருவன், தனக்குப் பழக்கமான குறிகளும் வழக்கங்களும் மறைந்த நிலையில் அடையும் தடுமாற்றத்தை அது குறிக்கும். ‘நொஸ்ரால்ஜியா’ எனும் சொல்லோ அதனினும் பழையது. 1688இல் பாசல் நகரில் யொகான்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாடிய சுவிற்சலாந்தவரிடம் கண்ட ஒரு நோய்க்கு இட்ட பெயர் அது. ஆக, ஒன்று புதிய நாட்டுக்குச் சென்றவனின் நோய். மற்றது பழைய ஊரை நினைப்பவனின் நோய். குமாரசுவாமியிடம் இவ்விரண்டும் முறைமாறி அமைந்தன என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது. அவர் அதிர்ச்சியுற்றது அந்நிய நாட்டிலன்று, தம் தந்தையின் நாட்டில். அவர் ஏங்கியது தாம் வாழ்ந்து இழந்த ஊருக்காகவன்று, ஒருபோதும் தாம் வாழ்ந்திராத ஊருக்காக.

வாழ்க்கைச் செய்திகள் பலரும் அறிந்தனவே. வேண்டியவற்றை மட்டும் சுட்டலாம். 1877 ஓகஸ்ற் 22இற் கொழும்பிற் பிறந்தவர். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலமாக்கியவர், பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். தாய் எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் தமக்கை மக்கள். 1879இல், இங்கிலாந்திலிருந்த மனைவியையும் மகவையும் நோக்கிப் புறப்பட ஆயத்தமாயிருந்த வேளையில் தந்தை காலமானார். இரண்டு வயதுக் குழந்தை இங்கிலாந்திலேயே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவீட்டின் பணிப்பாளராகக் கடமையாற்றியது. தோரியனைற்று என்னும் கனியம் அறியப்பட்டது 1904இல், இப்பணியின் போதுதான்.

கனியம் தேடி மலைநாட்டுக் கிராமங்களினூடு அலைந்தவர் கண்ட காட்சியொன்றே அவரை எழுத்தாளராக்கியது எனலாம். ‘இரவல் இறகுகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1905இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, ஐரோப்பிய உடை தரித்த ஓர் உள்ளூர்ப் பெண்ணையும் அவளது குழந்தையையும் கண்ட அனுபவத்திலிருந்து பிறந்தது. மயிலிறகு செருகிய காகத்தின் கதை ஈசாப்பினுடையது. தமிழருக்கோ ஔவையின் வான்கோழி நன்கு அறிமுகமானது. அக்காட்சி சாதாரணமானது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அக்காலத்தில் அதைக் கண்டு எவரும் நின்றிருக்க மாட்டார்கள். அவர் நின்றதேன்? அந்த உடை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே அவரும் வந்திருந்தார். அது எவ்வகை வாழ்வின் உடை, எத்தகைய தொழிற்சாலையில் எவ்விலைக்கு நெய்யப்பட்ட துணி என்பதை அறிந்தவர் அவர். அணிந்திருந்தவள் கண்ணுக்கு அது முன்னேற்றத்தின் சின்னம்; அவர் கண்ணுக்கு மன்செஸ்ரரின் புகை. ஒரே துணியை இருவர் இரு திசைகளிலிருந்து பார்த்தனர். அப்பெண் யாது கருதினாள் என்பதற்கு அக்கட்டுரையில் இடமில்லை. குமாரசுவாமியின் தொடக்ககால எழுத்துகள் அனைத்திலும் ஓடும் வலிமையும் குறையும் இவ்வொரு காட்சியில் ஏலவே அடங்கியுள்ளன.

அதே ஆண்டளவில் அவர் முன்னின்று அமைத்த இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், பொருத்தமற்ற ஐரோப்பியப் பழக்கவழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதை எதிர்ப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. கண்டித் தலைவர்களுக்கு 1905இல் எழுதிய பகிரங்கக் கடிதத்தில், பழைய கட்டடங்களும் கைவினைகளும் அழிய விடப்படுவதைக் கண்டித்தார். இவையெல்லாம் பிரசாரம். பிரசாரத்தினின்றும் விலகி அவர் மேற்கொண்ட நீண்ட உழைப்பின் பேறாகவே ‘இடைக்காலச் சிங்களக் கலை’ வெளிவந்தது.

நூலின் நீண்ட துணைத்தலைப்பு கவனிப்புக்குரியது. இடைக்காலச் சிங்களக் கலைகளும் கைவினைகளும் பற்றிய ஆய்வு என்றும், அவை பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில் எஞ்சியிருந்தவாறு நோக்கப்படுகின்றன என்றும், சமுதாய அமைப்பும் கைவினைஞரின் நிலையும் உடன் கூறப்படும் என்றும் அது அறிவிக்கிறது. ‘எஞ்சியிருந்த’ என்பது ஒரு புவிச்சரிதவியலாளனின் சொல். பாறைப் படைகளிற் பழைய கடலின் அடையாளத்தைத் தேடுபவன் போல, 1900களின் கிராமத்துக்குள் 18ஆம் நூற்றாண்டையும், அதனுள் அதற்கும் முந்திய காலத்தையும் அவர் தேடினார். லியவெல, பலாபெத்தி, நாரிலதா, சேரபெந்திய, பேருண்ட எனக் கோலங்களின் பெயர்களைக் கைவினைஞர் வாய்மொழியாகக் கேட்டுப் பதிந்தார். தச்சு, கல்வேலை, ஓவியம், இரும்பு, பொன், அரக்கு, மட்பாண்டம், நெசவு, பாய், பூவேலை என ஒவ்வொன்றின் கருவியையும் செய்முறையையும் விவரித்தார். ஒளிப்படங்களை எடுத்தவர் அவரின் மனைவி எதல். ஒரு கிண்ணத்தையும் ஒரு விகாரைச் சுவரையும் ஒரே கவனத்துடன் நோக்கும் இயல்பு அந்நூலின் தனிச்சிறப்பு. ‘நுண்கலை’ உயர்ந்தது, ‘கைப்பணி’ தாழ்ந்தது என்னும் ஐரோப்பியப் பாகுபாட்டை அவர் வாதத்தால் மறுக்க முயலவில்லை. பாக்குவெட்டியையும் புத்தர் சிலையையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்ததனாலேயே மறுத்துவிட்டார்.

‘இடைக்காலம்’ என்ற சொல்லுக்கு மீள்வோம். 18ஆம் நூற்றாண்டுக் கண்டியை அவ்வாறு அழைத்ததேன்? 1815இற் பிரித்தானியர் கண்டியைக் கைக்கொள்ளும்வரை அங்கு இடைக்கால நிலைமைகளே நிலவின என்பது அவர் துணிபு. ஆயினும் அச்சொல்லைத் தந்தது கண்டியன்று, இங்கிலாந்து. கைத்தொழிற் புரட்சி கொணர்ந்த அழகின்மையையும் உழைப்பின் இழிவையும் கண்டு வெகுண்ட றஸ்கின், ‘வெனிசின் கற்கள்’ என்ற நூலில், கோதிக் ஆலயங்களைக் கட்டிய தொழிலாளனின் சுதந்திரத்தைப் போற்றினார். வில்லியம் மொறிஸ் அதனைத் தம் வேதமாகக் கொண்டு, 1892இல் தமது கெல்ம்ஸ்கொற் அச்சகத்தில் அப்பகுதியைத் தனி நூலாக அச்சிட்டார். அவர்வழி வந்த ஆஷ்பீ, இலண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து தம் கைவினைக் கழகத்தை 1902இல் சிப்பிங் கம்டன் என்ற சிற்றூருக்குப் பெயர்த்தார். இதன் அயலிலுள்ள புறோட் கம்டனில், ஆஷ்பீ புதுக்கிக் கொடுத்த நோர்மன் காலத்துச் சிற்றாலயமொன்றே குமாரசுவாமியின் இல்லமாயிற்று. 1907 செப்ரெம்பரிலிருந்து 1908 டிசெம்பர் வரை, மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சு எந்திரத்தில், 425 பிரதிகள் மட்டும் அச்சாயின. கண்டி பற்றிய இந்நூல் இங்கிலாந்தின் ஏக்கத்தினால் வடிவமைக்கப்பட்டது என்பதற்கு அதன் தாளும் எழுத்துமே சாட்சி.

இங்கு ஓர் உண்மையை உடன் நோக்குதல் பொருத்தமாகும். அந்நூல் அச்சாகிக் கொண்டிருந்த மாதங்களிலேயே அருகிலிருந்த ஆஷ்பீயின் கழகம் பொருளாதார நெருக்கடியுற்றுக் கலைக்கப்பட்டது. இயந்திரத்தால் மலிவாக்கப்பட்ட பொருள்களுடன் கைவினை சந்தையிற் போட்டியிட முடியவில்லை. கண்டிக் கைவினைஞனுக்கு நேர்ந்ததும் இதுவே. தம் யன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த இத்தோல்வி, நூலின் கருத்தை எவ்விதத்திலும் மாற்றியதாகத் தெரியவில்லை. கழகம் வீழ்ந்தது, கையச்சு தொடர்ந்தது.

மொறிசிடமிருந்து குமாரசுவாமி எதைப் பெற்றார், எதை விட்டார் என்ற வினா இவ்விடத்தில் எழுகிறது. மொறிஸ் 1883இல் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்தவர். தெருமுனைகளில் நின்று பேசியவர். கலையைக் காப்பதற்குக் கலைஞனை மட்டும் காத்தாற் போதாது, உழைப்பின் பயன் யாருக்குச் சேர்கிறது என்பதை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு, சுவர்த்தாளும் திரைச்சீலையும் செல்வர்க்கு விற்ற தம் சொந்த அனுபவத்தினூடாக அவர் வந்தார். 1890இல் எழுதிய ‘எங்குமிலா நாட்டுச் செய்திகள்’ என்ற கதையில் இடைக்காலத்தின் அழகையெல்லாம் எடுத்து வருங்காலத்தில் வைத்தார். அங்கு கட்டடங்கள் பழையனவாகத் தோன்றும். அரசனும் ஆண்டையும் இரார். குமாரசுவாமி அழகை வைத்த 18ஆம் நூற்றாண்டிலோ அரசனும் உளன், நிலவுடைமையாளனும் உளன், சாதியும் உளது. மொறிசின் கையச்சு எந்திரம் அவருக்குக் கைமாறியது. மொறிசின் அரசியல் கைமாறவில்லை.

இதனாற் குமாரசுவாமி சாதியைக் காணவில்லை என்று கொள்ளுதல் தவறு. அவரைக் குறைகூறுவோர் பெரும்பாலும் நூலைப் படியாமையின் விளைவு அது. துணைத்தலைப்பு வாக்களித்தபடியே, சமுதாய அமைப்பை அவர் விரிவாகக் கூறுகின்றார். இராசகாரிய முறையின் கீழ்க் குடியானவன் முதல் ஆச்சாரிவரை ஒவ்வொருவனும் நிலப்பங்கொன்றை அனுபவித்து, அதற்கீடாகக் குறித்த சேவையை அரசனுக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ, நிந்தகத் தலைவனுக்கோ ஆற்ற வேண்டும். பொற்கொல்லனும் கருமானும் ஓவியனும் நவந்தன்ன என்னும் பிரிவினர். அவருள்ளும் அரச பட்டறைகளைச் சேர்ந்தோர் மதிப்புப் பெற்றவர். நெசவு பறை முழக்குவோர்க்குரியது. பாய் இழைத்தல் கின்னரருக்குரியது. இவையெல்லாம் மறைக்கப்படாமல் எழுதப்பட்டுள்ளன. ஆயின் எழுதப்பட்ட தொனி வேறு. நிலம் உறுதி, வேலை உறுதி, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் கலை உறுதி. போட்டியில்லை, அவசரமில்லை, வேலையில்லாத் திண்டாட்டமில்லை. இவ்வுறுதியே கலையின் தாய் என்பது அவரது முடிபு. தொழிலாளி நாளை வேலையிருக்குமோ என அஞ்சிய இங்கிலாந்திலிருந்து பார்க்கும்போது இந்த உறுதி பொன்னாய் ஒளிர்ந்ததில் வியப்பில்லை.

தும்பறைப் பாய்களை எடுத்துக்கொள்வோம். சணல் போன்ற ஒருவகை நாரிற் கருப்பும் செம்மையும் மஞ்சளுமாக விலங்கும் பறவையும் கோட்டுருவங்களாக இழைக்கப்பட்ட இப்பாய்கள், கண்டிக் கைவினைகளுள் மிக நேர்த்தியானவற்றுட் சில. இவற்றைச் செய்த கின்னரர் சமூகப் படிநிலையின் அடித்தட்டினர். அவர்தம் ஆடவர் தலையில் எதுவும் அணியலாகாது என்ற தடையை, கண்டி இராச்சியத்திற் பல்லாண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியான தம் நூலிற் குறித்துள்ளார். மகன் தந்தையின் தொழிலைக் கற்றான் என்ற வாக்கியத்தில் எத்துணை அமைதியுள்ளது! வேறு எதையும் கற்க அவனுக்கு வழியிருக்கவில்லை என்று அதே செய்தியைக் கூறும்போது அந்த அமைதி குலைகிறது. இரு வாக்கியங்களும் உண்மையே. பழைமையேக்கம் முதலாவதை மட்டும் உரக்கச் சொல்லும். குமாரசுவாமியின் நேர்மை யாதெனில், இரண்டாவதைச் சொல்வதற்கு வேண்டிய சான்றுகளைத் தாமே திரட்டி அதே நூலில் வைத்தமை. அவருடைய விவரங்கள் அவருடைய முடிபுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. பல ஆய்வாளர் தம் முடிபுக்கு ஒவ்வாத விவரத்தை விட்டுவிடும் இக்காலத்தில் இது சிறிய பண்பன்று.

அழிவின் காரணங்களை அவர் கூறுமிடத்தும் இதே இரட்டைத்தன்மை உண்டு. அரசாதரவு மறைந்தமை, கற்றோர் ஐரோப்பியப் பொருள்மீது கொண்ட மோகம், மலிந்த இறக்குமதி ஆகியவற்றை அவர் சரியாகவே இனங்கண்டார். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய, நிந்தக நிலங்களில் எஞ்சிய சேவைகளைப் பணமாக மாற்றிக்கொள்ள 1870ஆம் ஆண்டுச் சேவைமானியச் சட்டம் வழிசெய்தது. அவரது கண்களில் இது கைவினைஞனின் காலடியிலிருந்து நிலம் நழுவிய கதை. ஆனால் சேவையைப் பணமாக மாற்றிக்கொள்ள விரும்பிய குடியானவர்களும் இருந்தனர் என்பதைச் சட்டத்தின் இருப்பே காட்டும். இராசகாரியத்தை ஒழித்தது கருணையன்று என்பதும் உண்மை. பெருந்தோட்டத்துக்குக் கூலியாட்களும் நிலச்சந்தையும் வேண்டியிருந்தன. விடுதலையும் சுரண்டலும் ஒரே சட்டத்தில் வந்து சேர்ந்த அவ்விந்தையை விளக்க, ‘பழையது நன்று, புதியது தீது’ என்ற அளவுகோல் போதாது.

கலையின் தூய்மை பற்றியும் ஒன்று கூறவேண்டும். அவர் போற்றிய 18ஆம் நூற்றாண்டுக் கலை மறுமலர்ச்சி பெரிதும் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் (1747 – 1782) ஆட்சியில் நிகழ்ந்தது. அவனோ தென்னிந்திய நாயக்கர் மரபினன். தெகல்தொருவைக் குகை விகாரையின் ஓவியங்கள் இவன் காலத்திலும் இவன் தம்பி காலத்திலும் எழுந்தவை. கைவினைஞர் குடும்பங்கள் பல தென்னிந்தியாவிலிருந்து வந்தவை என்பதைக் குமாரசுவாமியே குறிப்பிடுவார். 1909இல் எழுதிய ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற நூலிற் கம்மாளரைப் பற்றி விரித்துரைப்பார். ஆகவே அவர் கண்ட மரபு, கலப்பினாலும் வரவினாலும் உருவானது. புதியது வந்து சேர்தல் மரபுக்குப் புறம்பன்று என்ற முடிவுக்கு அவரது சான்றுகளே இட்டுச் செல்கின்றன. மேனாட்டிலிருந்து வந்ததை மட்டும் ஏன் மரபு செரிக்க முடியவில்லை என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. கிராமபோன் பற்றியும் ஆர்மோனியம் பற்றியும் அவர் எழுதியவற்றில் இதற்கு ஒரு விடை உண்டு: பொறி பாடும்போது மனிதன் பாடுவதை விட்டுவிடுகிறான் என்பது. விடை முழுமையானதன்று, ஆனால் வானொலியும் ஒலிநாடாவும், பின் கையடக்கத் தொலைபேசியும் வந்த வரலாற்றைக் கண்டவர்கள் அதனை நகைத்துத் தள்ள மாட்டார்கள்.

அவரது ஏக்கத்தின் எல்லைக்குள் வராதவரும் உண்டு. கனியம் தேடி அவர் நடந்த அதே மலைகளில், கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தபின் தேயிலை எழுந்து நின்றது. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் இலட்சக்கணக்கிற் குடியிருந்தனர். 18ஆம் நூற்றாண்டு பற்றிய நூலில் அவர்களை எதிர்பார்த்தல் நியாயமன்று என்று வாதிக்கலாம், அவ்வாதம் சரியே. ஆயினும் நவீன வாழ்வின் அதிர்ச்சி இத்தீவில் எவர் உடலில் முதலிலும் முழுமையாகவும் விழுந்ததோ, அவர்கள் இவர்களே. பேரட்டு மணியும் கங்காணியின் குரலும் இலையின் நிறையும் ஒரு நாளைக் கூறுபோட்ட விதம் கிராமத்திலிருந்து வந்த எவருக்கும் புதியது. அவர்களுக்கும் ஏக்கமிருந்தது. விட்டு வந்த ஊர், ஏமாற்றி அழைத்து வந்தவன், வழியில் மாண்டவர் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பாடினர். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் திரட்டித் தந்துள்ளனர். அவற்றில் வரும் ஊர், பஞ்சமும் கடனும் துரத்திய ஊருங்கூட. அங்கு திரும்பினால் வாழலாம் என்ற மயக்கம் பாடியவர்க்குப் பெரும்பாலும் இல்லை. இழந்ததற்காக அழுதுகொண்டே, இழந்தது சொர்க்கமன்று என்பதையும் அறிந்த ஏக்கம் அது. படித்தவரின் பழைமையேக்கத்திற் பெரிதும் குறைவது இந்த இரண்டாவது அறிவேயாகும்.

நூலின் பிற்கால வாழ்வும் அதன் பொருளில் அடங்கும். இரண்டாம் பதிப்பு 1956இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. அதே ஆண்டில் இலங்கையில் நிகழ்ந்ததைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இரவல் உடையைக் களைந்து தேசிய உடை அணிந்தோர் ஆட்சிக்கு வந்தனர். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு முன் குமாரசுவாமி கொண்ட அதிர்ச்சியும் அவர் பயன்படுத்திய சொற்களிற் பலவும் இவ்வியக்கத்தில் எதிரொலித்தன. அவர் சங்கமோ சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளின் கல்வியையும் வேண்டியது. தமிழ்த் தந்தைக்கு மகனாய்ப் பிறந்து சிங்களக் கலைக்கு முதற்பெருநூலை எழுதியவர் அவர். இவ்விபரீதத்துக்கு அவரைப் பொறுப்பாக்குதல் அநீதி. ஆனால் பழைமையேக்கம் எவர் கைக்கும் செல்லத்தக்க கருவி என்பதையும், அதில் ‘நாம்’ என்று கூறப்படுவது யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் வேறொருவர் சொல்லி முடிப்பர் என்பதையும் அவ்வாண்டு காட்டியது. தமிழரும் இதற்கு விலக்கல்லர். சித்தாந்த தீபிகையில் 1912இல் வெளிவந்து 1918இல் நூலான ‘சிவ நடனம்’ கட்டுரையை எடுத்துக்கொண்டு, சிங்களக் கலை பற்றிய நூலை விட்டுவிட்டமை ஒருவகைப் பங்குபிரிப்பே. ஒருவரை இரு இனத்தாரும் இரு துண்டாக்கி, தத்தமக்கு வேண்டியதைக் கொண்டு சென்றனர்.

இன்னொரு பங்கு இங்கிலாந்துக்குச் சென்றது. குமாரசுவாமியை விட்டுப் பிரிந்த எதல், மறுமணத்தின் பின் எதல் மெயிரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளர்களுள் ஒருவரானார். இயற்கைச் சாயங்கள் பற்றி 1916இல் நூலெழுதினார். டிச்லிங் என்ற ஊரில் தறிக்கூடம் நிறுவினார். மலைநாட்டு நெசவாளரின் தறியருகே நின்று கற்ற கண் அவருடையது. பறை முழக்குவோனின் குலத்தொழிலாக இருந்து நலிந்தது, அங்கு ஒரு படித்த பெண் தாமாகத் தேர்ந்தெடுத்த கலையாகத் தழைத்தது. ஒரே தொழில்தான், ஒருவர் அதிற் பிறந்தார், மற்றவர் அதைத் தேர்ந்தார். குமாரசுவாமியின் கோட்பாட்டின்படி பிறப்புரிமையாக வருவதே உயர்ந்த கலை. அவர் வீட்டிலிருந்தே அதற்கு மறுப்பு எழுந்தது.

இவ்வளவு கூறியபின்னும் அந்நூலை மூடிவைக்க இயலாமைக்குக் காரணம் அதன் விடைகளன்று, அதன் வினா. ஒரு பொருளைச் செய்யும்போது செய்பவனுக்கு என்ன நேர்கிறது என்று அவர் கேட்டார். உற்பத்தியின் அளவு, விலை, ஏற்றுமதி, கூலி ஆகியவற்றைக் கேட்போர் பலர். கூலியைக் கேட்பது இன்றியமையாததும் ஆகும். வேலை செய்பவனின் கையையும் மனத்தையும் வேலை எவ்வாறு ஆக்குகிறது அல்லது அழிக்கிறது என்பதைக் கேட்போர் அன்றும் சிலர், இன்றும் சிலர். கைவினையைக் காப்பதாகக் கூறும் விற்பனை நிலையங்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. தும்பறைப் பாயின் கோலம் அங்கு கைப்பையாகவும் சுவர்த்தொங்கலாகவும் உல்லாசப் பிரயாணிக்கு விற்கப்படுகிறது. பயன்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட அழகை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். அவர் பெயரைச் சொல்லியே அது விற்கப்படுதல் கூடும். பாய் இழைத்தவரின் பேரப்பிள்ளைகளுட் பலர் 1945இன் இலவசக் கல்வி திறந்த வழியிற் சென்று, அத்தொழிலை மட்டுமன்றி அதனோடு ஒட்டிய பெயரையும் விட்டு நீங்கினர். ஒரு கலை அழிந்தது என்று நூல்கள் எழுதும் இடத்தில், ஒரு குடும்பம் தலைநிமிர்ந்தது என்று அவர்கள் எழுதக்கூடும். ஏங்குபவன் வாங்குபவனாகவே இருப்பதும், செய்தவன் ஏங்காதிருப்பதும் கவனிக்கத்தக்கன.

எனினும் நீங்கியவர் அனைவரும் அலுவலகம் சேர்ந்தாரல்லர். 1978இற் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட பின், கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு சென்றனர். அங்கு ஒருத்தி சட்டையைத் தைப்பதில்லை; கழுத்துப்பட்டியை மட்டும், அல்லது ஒரு கையை மட்டும், மணிக்கு இத்தனை என்ற இலக்குக்குத் தைக்கிறாள். அவளுக்கு அது கூலி தருகிறது. வீட்டாரின் ஆட்சியிலிருந்து ஓரளவு விடுதலையும் தருகிறது. கின்னரப் பெண்ணுக்கு இல்லாத தெரிவு அவளுக்குண்டு. கின்னரப் பெண் கையில் தொடங்கி அவள் கையிலேயே முடிந்த முழுப் பாய் இவளுக்கில்லை. தைத்த சட்டை கடல் கடந்து மேனாட்டுக்குச் செல்கிறது. 1905இல் மலைநாட்டில் ஒரு பெண்ணின்மேல் குமாரசுவாமி கண்ட துணி வந்த வழியே, எதிர்த்திசையில்.